றோட்டிலிருந்து கோயில் வாசல்வரை

மகன், போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. பெண் வீட்டார் மன்னார் டவுனில் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சொந்தக்காரர் வருவார்கள். டவுனில் பெரிய கோயிலில் கல்யாணத்தை வைத்தால் பக்கத்திலேயே மண்டபம், வாகனம் விட இடம், எல்லாம் வசதி. "அம்மா, எங்கட கோயில் சின்னன். ஆக்கள் வெயிலுக்க நிக்க வேணும். அப்பிடி அங்க என்ன இருக்குது?" என்று கேட்டாய். நீ கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாய். அதுதான் என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. உனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். இதைப் போனில் சொல்ல வராது. குரல் உடைந்தால் நீ பயந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து படி.

நறுவிலிக்குளத்தைத் தாண்டி வயல் முடிகிற இடத்தில் நிற்கிற அந்தக் கோயில் முதலில் ஓலைக் கொட்டில்தானாம். பாதரை அப்போது சுவாமி என்றுதான் சொல்வார்கள். மாதத்தில் ஒருமுறை மாட்டு வண்டியில் சுவாமி வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பிறகு வந்த ஒரு சுவாமி கல்லாலே கட்டுவோம் என்றாராம். கல்லுக்கு எங்கே போவது? இது மண்ணும் உவருமான நிலம். கடற்கரை ஆட்கள் கடலுக்குள் விளைகிற முருகைக்கல்லை வள்ளத்தில் கொண்டுவந்து கரையில் போட, வயல்காரர் வண்டி கட்டி ஏற்றினார்கள். சிப்பி சுட்டு சுண்ணாம்பு எடுத்தார்கள். சுவர் வைக்கச் சிலாவத்துறையிலிருந்து முஸ்லிம் மேசன்மார் வந்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வருவார்களாம். கோயில் முடிந்தபிறகு மிஞ்சின கல்லிலும் செங்கல்லிலும் பக்கத்தில் சுவாமி தங்க இரண்டு அறையும் ஒரு விறாந்தையும், தள்ளி, சமைக்க ஒரு குசினியும் கட்டினார்கள். அதைத்தான் நாங்கள் அறைவீடு என்று சொல்வது. அதன் ஒரு சுவர் கடற்கல், மற்றச் சுவர் செங்கல். சுவாமியின் கட்டிலில் படுத்தால் ஜன்னலுக்குள்ளால் கோயிலுக்குள் எரிகிற விளக்குத் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்று அளந்துதான் அந்த ஜன்னலை வைத்தார்களாம்.

நாங்கள் அந்த ஊருக்கு வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் பின்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லய வீடுகளை எரித்துத் துரத்தினபோது உன் தாத்தாவும் அம்மாயியும் என்னைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு, இன்னும் சில குடும்பங்களோடு லொறியில் வந்து இறங்கினார்கள். மழைக்காலம். போக இடம் இல்லை. அப்போது இருந்த சுவாமி அறைவீட்டைத் திறந்துவிட்டார். அறை இரண்டிலும் விறாந்தையிலும் நாங்கள். அவர் கோயிலில் பூசை உடுப்பு வைக்கிற அறையில் பாயைப் போட்டுப் படுத்தார். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "தோட்டக்காட்டாரை அறைவீட்டுக்குள்ள விட்டா, பிறகு எழுப்பேலாது சுவாமி" என்று வந்து சொன்னார்கள். அது தாத்தாவின் காதிலும் விழுந்தது. அவர் சுவாமியிடம் போய், "சாமி, நாங்க எங்கிட்டாச்சும் போயிர்றோம்" என்றார். சுவாமி மேற்கே ஒருமுறை பார்த்தார், கிழக்கே ஒருமுறை பார்த்தார். "அங்கால கடல், இங்கால காடு. எங்க போகப் போறீங்கள்? இருங்கோ" என்றார். மூன்று மாதம் இருந்தோம். பிறகு வயல்கரையில் காணி கிடைத்தது. உன் தாத்தா கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டவர். ஆனால் அந்தக் கோயில் கொடியேற்றத்துக்குக் கொடிமரம் நட ஒவ்வொரு வருசமும் முதல் ஆளாகப் போவார். நானும் உன் அம்மாயியும் பிறகு ஞானஸ்நானம் பெற்றோம். நான் அ எழுதினது அந்த அறைவீட்டு விறாந்தையில்தான். உன் அப்பாவை முதலில் பார்த்ததும் அங்கேதான். அறைவீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற ஏணியில் நின்றார். நான் கீழே நின்று ஓடு கொடுத்தேன்.

சண்டையில் இடம்பெயர்ந்தது உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். ட்ராக்டர் பெட்டியில் நீ உன் அப்பாவின் மடியில் இருந்தாய். அப்போது இருந்த சுவாமி கடைசி ஆளாகத்தான் வெளிக்கிட்டார். பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. தாத்தாவும் அம்மாயியும் அந்த அலைச்சலிலேயே இறந்துபோனார்கள். உன் அப்பா முகாமில் காய்ச்சலோடு போய்விட்டார். அந்தச் சுவாமியும் எங்களோடு எல்லா இடமும் அலைந்து, சுகமில்லாமல் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். திரும்பி வந்தபோது நானும் நீயும் மட்டும்தான்.

வந்து பார்த்தால், ஊருக்குப் போகிற றோட்டோரம் முழுக்கச் சிவப்பு நாடா. மண்டையோடு போட்ட பலகைகள். றோட்டில் நின்றால் கோயில் கண்ணுக்கு முன்னால் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் இடையில் முழுக்கக் கண்ணிவெடி, கால் வைக்க முடியாது. யார் புதைத்தது என்று அப்போதும் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப் பாதர் றோட்டில் ஒரு மேசையைப் போட்டுப் பூசை வைப்பார். நாங்கள் தாரில் முழங்கால் போட்டுக் கோயிலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். கூரை இல்லை. சுவருக்கு மேலால் மரங்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளே இருந்து குருவிகள் கூட்டமாக எழும்பும். பூசையில் பாதர் அப்பத்தை உயர்த்துகிறபோது ஒருவரும் மேசையைப் பார்க்கமாட்டார்கள். எல்லாருடைய கண்ணும் அங்கேதான்.

இனி நான் உனக்கு மறைத்ததைச் சொல்கிறேன். உன்னை டவுனில் சிஸ்டர்மாரின் விடுதியில் விட்டுவிட்டு, றோட்டுப் போடுகிறவர்களுக்குச் சமைக்கப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா? நான் ஒருநாளும் அவர்களுக்குச் சமைக்கவில்லை. கண்ணிவெடி எடுக்கிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பெண்களையும் எடுத்தார்கள். நான் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் நான் வரும்போது "அம்மா, ஏன் உங்கட முழங்கால் இப்பிடிக் கறுத்துக் கிடக்குது?" என்று தொட்டுப் பார்த்துக் கேட்பாய். அடுப்படியில் இருந்து இருந்து வந்தது என்று சொல்வேன். அப்பாவை இழந்த பிள்ளை, அம்மாவும் எப்போது போவாளோ என்று ஒவ்வொரு நாளும் பயந்து சாகக் கூடாது என்று நினைத்தேன். நல்லதை நினைத்துத்தான் சொன்னேன். ஆனாலும் அது பொய்.

அந்த வேலை எப்படி என்று சொல்கிறேன். நெஞ்சுக்குப் பாரமான அங்கி. முகத்துக்குத் தடித்த கண்ணாடி. ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிறு பிடித்த ஒடுக்கமான பாதை. அதற்குள் முழங்காலில் இருந்து, முன்னால் இருக்கிற மண்ணை முள்ளுவாரியால் மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால், பார்த்து முடிந்த எல்லைக்கு வைத்திருக்கிற சிவப்புத் தடியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தலாம். அவ்வளவுதான் முன்னேற்றம். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை செய்தால் ஒரு பாய் விரிக்கிற இடம் முடியும். எனக்குக் கிடைத்த பாதை றோட்டிலிருந்து நேரே அறைவீட்டுக்குப் போகிறது. அதிகாரி வரைபடத்தைக் காட்டினபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் என்று சொன்னால் மாற்றிவிடுவார்களோ என்று பயம்.

எனக்குப் பக்கத்துப் பாதையில் நஸீமா. சிலாவத்துறைப் பிள்ளை. அவர்களும் ஊரைவிட்டுப் போய் இருபது வருசம் புத்தளத்தில் கிடந்து திரும்பி வந்தவர்கள். இரண்டு பிள்ளைகள். இடைவேளைக்கு விசில் அடித்தால் இருவரும் ஒரு மரத்துக்குக் கீழே தண்ணீர் குடிப்போம். ஒருநாள் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, எங்கட வாப்பாட வாப்பா மேசன். கோயில் ஒண்டு கட்டினவர் எண்டு வீட்டில கதைப்பாங்க. இதுவாயும் இருக்கும்" என்றாள். "இதாத்தான் இருக்கும்" என்றேன். அதன்பிறகு அவளும் என்னைப் போலவே அந்தச் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள்.

மகன், நாங்கள் கோயிலுக்கு எத்தனையோ விதமாகப் போயிருக்கிறோம். நடந்து, சைக்கிளில், ட்ராக்டரில். ஆனால் ஐந்து மாதம் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு கைப்பிடி மண்ணையும் தொட்டுத் தொட்டுக் கோயிலுக்குப் போனவள் நான். அந்த மண்ணில் மணிமாலை முத்துகள் எடுத்தேன், ஒரு பிள்ளையின் செருப்பு எடுத்தேன், ஓட்டுத் துண்டுகள் எடுத்தேன். ரின்மீன் அடைத்து விற்கிற தகரப் பேணி அளவில் பச்சை நிறத்தில் அதுகளையும் எடுத்தேன். ஒன்று கண்டால் கையை உயர்த்தி, தடி நட்டு, பின்வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உன் முகம் வரும். பிறகு நிமிர்ந்து பார்ப்பேன். கோயில் கொஞ்சம் பெரிதாகி இருக்கும். எனக்கு ஜெபம் செய்ய வார்த்தை வரவில்லை. அதைப் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அறைவீட்டுக்கு மூன்று மீற்றர் இருக்கும்போது நான் பிழை விட்டேன். அன்றைக்குக் காற்று. ஜன்னலை மூடிக் கிடந்த கொடி ஒரு பக்கம் விலகியது. உள்ளே சுவரில் கறுப்பாக என்னவோ தெரிந்தது. எழுத்து! வரிசை வரிசையாக எழுத்து. நான் எழும்பி முகக் கண்ணாடியை உயர்த்தினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற ஆசையில் இடது காலைத் தூக்கிச் சிவப்புத் தடிக்கு அங்கால் வைத்துவிட்டேன்.

"அக்கா! கால்!"

நஸீமாவின் சத்தத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். விசில் அடித்தது. எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். சுப்பவைசர் தூரத்திலிருந்து, "அசையாதீங்கோ, காலை எடுக்காதீங்கோ!" என்று கத்தினார். பின்னால் இருக்கிற காலில் பாரத்தைப் போட்டுத் திரும்பவும் முடியாது, முன் குதியைத் தூக்கவும் முடியாது. யாராவது வந்து என் காலைச் சுற்றியிருக்கிற மண்ணைப் பார்க்க வேண்டும். சுப்பவைசர் யாரையும் கேட்க முதலே நஸீமா என் பாதையில் இறங்கிவிட்டாள்.

"நான் வாறன். நீங்க கீழ பாக்காதீங்க. கோயிலப் பாத்துக்கொண்டு நில்லுங்க."

"உனக்கு ரெண்டு பிள்ளையள் நஸீமா. வேற ஆரும் வரட்டும்."

"கதைச்சா கால் ஆடும் அக்கா. கதைக்காதீங்க."

அவள் குப்புறப் படுத்து முள்ளுவாரியால் கிளறுகிற சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. நான் அவள் சொன்னபடி கோயிலைப் பார்த்தேன். திரும்பி வந்தபிறகு அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்க்கிறேன். கூரை இருந்த இடத்தில் வானம். பீடத்துக்கு மேலே சொரூபம் வைக்கிற மாடத்தில் பெரிய தேன்கூடு ஒன்று, கறுப்புத் துணி போலத் தொங்கிக்கொண்டு நின்றது. அந்த இரைச்சல் எனக்குப் பூசைக்குக் கூட்டம் கூடினது போல இருந்தது. வெடித்துப் பிளந்த பக்கச் சுவரை ஒரு ஆலமர வேர் விரல்களால் பிடித்தது போலப் பிடித்து விழாமல் வைத்திருந்தது. கல்லுக்குள் கடல் பூச்சிகள் குடைந்த சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. இந்தக் கல்லைக் கடலில் இருந்து தூக்கினவன் யார், வண்டியில் ஏற்றினவன் யார், சுண்ணாம்பு பூசினவன் யார், அவனுடைய பேரப்பிள்ளை இப்போது என் காலடியில் படுத்துக் கிடக்கிறாளே என்று நினைத்தேன். நான் செத்தால் இந்த இடத்தில் சாவேன் என்ற நினைப்புக்கூடப் பயமாக இல்லை. நான் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது. அது ஒரு நிம்மதியாக இருந்தது. உன்னை நினைத்தபோதுதான் சாகக் கூடாது என்று பட்டது.

ஒரு மணித்தியாலம் இருக்கும். "அக்கா, நேர பின்னால எடுங்க. மெதுவா." எடுத்தேன். கீழே பார்த்தேன். என் குதி இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பச்சை மூடி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மரத்தடியில் போய் வாந்தி எடுத்தேன். நஸீமா என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்திலும் இரத்தம் இல்லை.

அந்த நாள் எந்த நாள் தெரியுமா? உன் முதல் நன்மை நாள், பூசையில் நீ முதன்முதலாக அப்பம் வாங்குகிற நாள். காலையில் அரை நாள் வேலை செய்துவிட்டு, பதினொரு மணிப் பூசைக்கு வருவேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். விசாரணை, எழுத்து வேலை எல்லாம் முடிந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பின்னேரம். நீ வெள்ளை உடுப்போடு விடுதி வாங்கில் இருந்தாய். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தாய் தகப்பனோடு போய்விட்டார்கள். "சமையல் முடியச் சுணங்கிப்போச்சு மகன்" என்றேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு றோட்டுக்காரர்தான் பெரிசு" என்றாய். நான் கொண்டுவந்த கேக்கைத் தொடவில்லை. ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இன்றுவரைக்கும் அதைப் பற்றி நாம் இருவரும் பேசினதில்லை. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்காது என்று நினைத்தேன். உனக்கு இருபது வயதானபோதும் சொல்லவில்லையே. அதற்கு ஒரு சாட்டும் இல்லை. மன்னித்துக்கொள் மகன். நீ கட்டப்போகிற பிள்ளைக்கு, அவள் பயப்படுவாள் என்பதற்காக ஒன்றையும் மறைக்காதே. பயம் ஆறிப்போகும். தன்னை வேண்டாம் என்று விட்டார்கள் என்ற நினைப்பு ஆறாது. நான் அதை உன் முகத்தில் பார்த்தவள். இன்னொன்றும் சொல்கிறேன். தூரத்தில் இருக்கும்வரை நான் ஒரு பிழையும் விடவில்லை. கிட்ட வந்தபிறகுதான் எனக்கு அவசரம் வந்தது.

ஒரு கிழமை என்னை வேலையால் நிறுத்திவைத்தார்கள். பிறகு அதே பாதையில் விட்டார்கள். அறைவீட்டு வாசற்படியை நான் தொட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். உள்ளேயும் பார்த்து முடித்தபிறகு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவாமியின் அறைக்குள் நின்றேன். கடற்கல் சுவரின் பக்கம் மட்டும் கூரை மிச்சம் இருந்தது. அந்தச் சுவர் முழுக்க, அடுப்புக்கரியால், குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். வெளிக்கிட்ட அன்று ஞானஸ்நானப் புத்தகங்களைச் சுவாமி பெட்டியில் போட்டுக் கொண்டுபோனார். அது வழியில் தொலைந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் தொலையக்கூடும் என்று நினைத்து, போக முதல் அவர் இதைச் செய்துவிட்டுப் போனது ஒருவருக்கும் தெரியாது. ட்ராக்டரில் எல்லாரும் கத்திக் கத்திக் கூப்பிட்டபோது அவர் ஏன் சுணங்கினார் என்று அன்றுதான் விளங்கியது.

மேலே "இந்தப் பங்கின் மக்கள்" என்று எழுதியிருந்தது. பழைய குடும்பங்கள் ஒரு பக்கம், மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்று பிரிக்கவில்லை. வீடுகள் இருக்கிற ஒழுங்கில் எழுதியிருந்தார். எங்கள் வீட்டைத் தேடினேன். முதலில் உன் தாத்தாவின் பெயர். ஞானஸ்நானம் பெறாதவர், நெற்றியில் திருநீறு பூசினவர், அவர் பெயரையும் பங்கு மக்களோடு சேர்த்து, எங்கள் வீட்டின் முதல் பெயராகக் குடும்பத் தலைவர் என்று போட்டிருந்தார். பிறகு அம்மாயி. பிறகு உன் அப்பா. அந்தப் பெயரைச் சுவாமி எழுதின நேரம் உன் அப்பா வெளியே ட்ராக்டருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார், மகன். உயிரோடு நின்றார். பிறகு நான். கடைசியில் நீ. உன் முழுப் பெயரும், பிறந்த திகதியும், ஞானத்தாய் தகப்பன் பெயரும். சுவாமி எப்படி அதையெல்லாம் மனதில் வைத்திருந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் சுவரைத் தொடவில்லை. கை பட்டால் கரி அழிந்துவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மழை வரப்போகிற காலம். இருக்கிற கூரையும் எப்போது விழுமோ தெரியாது. நான் சுப்பவைசரிடம் கேட்டேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "வாசிங்கோ" என்றார். நான் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தேன். நஸீமா வாசற்படியில் இருந்து வேலைக் கடதாசிகளின் பின்பக்கத்தில் எழுதினாள். உயிரோடு இல்லாதவர்களின் பெயர் வரும்போது வாசிப்பை நிறுத்திவிடுவேன். அவள் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். இப்போது கோயிலில் இருக்கிற ஞானஸ்நானப் புத்தகத்தின் முதல் பக்கங்கள் அந்தக் கடதாசிகளைப் பார்த்து எழுதினவை. கல்யாணத்துக்கு நீ எடுக்கப்போகிற ஞானஸ்நானச் சான்றிதழும் அதிலிருந்துதான் வரும். அந்தச் சுவரைப் பாதர் இடிக்க விடவில்லை. முன்னால் கண்ணாடி போட்டிருக்கிறார். நீ பல தடவை அந்த அறைக்கு வெளியே நின்று போனில் கதைத்திருக்கிறாய். நானும் உள்ளே போய்ப் பார் என்று சொல்லவில்லை.

நிலத்தைத் திருப்பிக் கொடுத்த நாள் ஊர்ச் சனம் முழுக்க றோட்டில் நின்றது. நாடாவை அறுத்துவிட்டார்கள். பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் ஒருவரும் காலை வைக்கவில்லை. இவ்வளவு காலமும் பயந்து பார்த்த மண் அல்லவா. பாதரும் தயங்கினார். நானும் நஸீமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். செருப்பைக் கழற்றினோம். கையைக் கோத்துக்கொண்டு, அந்த மண்ணில் எழும்பி நேராக நடந்தோம். பாதையில் இல்லை, குறுக்கே, இஷ்டத்துக்கு நடந்தோம். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பாதித் தூரம் போனபிறகுதான் மணல் மிதிபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் வருகிறார்கள். சிலர் அழுதார்கள். பெரும்பாலானவர்கள் வாயைத் திறந்துகொண்டு கோயிலைப் பார்த்தபடி வந்தார்கள். வாசலில் நஸீமா நின்றுவிட்டாள். "உள்ள வா" என்றேன். "நீங்க போங்க அக்கா. நான் சுவரப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லி, வெளிச் சுவரின் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவும் எழுதினது உன்னைக் கட்டாயப்படுத்த இல்லை. பெண் வீட்டாரோடு பேசு. பெரிய கோயிலில்தான் என்றால் நானும் நல்ல சீலை உடுத்துச் சந்தோசமாக வருவேன். ஆனால் முதலில் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் இங்கே வா. அந்தச் சுவரை இருவரும் பாருங்கள். பிறகு முடிவு எடுங்கள். இங்கே வைப்பதென்றால் வெயிலுக்குப் பந்தல் போடலாம், நஸீமா குடும்பத்துக்கு முதல் அழைப்புக் கொடுக்கலாம். பெண் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் கோயிலுக்கும் றோட்டுக்கும் இடையில் ஓடித் திரியட்டும். ஒருவரும் அவர்களைக் கூப்பிட்டுப் பிடிக்கத் தேவையில்லை.

உன் அம்மா